கட்டி எடுக்கிற நாள்

போன வாரம் அண்ணன் மகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். பேச்சுவாக்கில், "சித்தப்பா, ஓ.டி.யை ஒரு வழியா அடைச்சிட்டேன்" என்றான். சம்பளக் கணக்கில் பேங்க்காரர்கள் கொடுத்திருந்த ஓவர்டிராஃப்ட், 60,000 ரூபாய். சம்பளம் விழுகிற அன்றைக்குக் கணக்கு கொஞ்சம் மேலே வருமாம், பத்தாம் தேதிக்குள் மறுபடி முங்கிவிடுமாம். ரெண்டு வருசமாக இதே கதை.

"எதை வச்சுடா அடைச்சே?" என்றேன்.

கிரெடிட் கார்டு லிமிட்டிலிருந்து ஒரு ஆப் வழியாகக் கணக்குக்குப் பணம் மாற்றினானாம். அதற்கு மூணு சதவீதம் ஃபீஸ், அந்த ஃபீஸுக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 2,124 ரூபாய். இனி கார்டுக்கு மாசத் தவணை கட்டணும்.

"அப்ப கடன் அடையலையேடா, இடம்தானே மாறியிருக்கு."

"ஓ.டி. ஜீரோ ஆயிடுச்சில்ல சித்தப்பா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனைப் பார்த்து இல்லை. நானும் வருசா வருசம் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் இதற்குப் பெயர் "கட்டி எடுக்கிறது".

டவுனில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயம் இல்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். எனக்கு மூணு ஏக்கர். அதன் பேரில் பேங்கில் கிசான் கிரெடிட் கார்டு கணக்கு இருக்கிறது, கே.சி.சி. என்போம். லிமிட் ரொம்ப நாளாக 1,10,000 ரூபாயில் இருந்தது. சம்பா நடவுக்கு முன்னால் எடுப்போம். ஒரு வருசத்துக்குள் அசலையும் வட்டியையும் கட்டிவிடணும். வட்டி ஏழு சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் மத்திய சர்க்கார் மூணு சதவீதத்தைத் தள்ளிக் கொடுக்கிறது, நமக்கு நாலுதான் நிற்கும். 1,10,000-க்கு மூணு சதவீதம் என்றால் 3,300 ரூபாய். கெடு தாண்டினால் அது போச்சு, அதுக்கு மேல் அபராதமும் ஏறும்.

தை மாசம் அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, பணம் கணக்கில் ஏறும்போதே அதற்குக் காத்திருக்கிற கைகள் பல. அறுப்பு மிஷின் வாடகை, உரக்கடை பாக்கி, பிள்ளைகள் ஃபீஸ், ஒரு கல்யாண மொய். கே.சி.சி. வட்டிக்கு மட்டும் எப்படியாவது எடுத்து வைத்துவிடுவேன். அசலுக்கு இருக்காது. எந்த வருசமும் இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

அங்கேதான் ஒருநாள்காரர் வருகிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஃபைனான்ஸ் வைத்திருப்பவர். கெடுவுக்கு முன்னால் ஒரு நாள் குறித்துக்கொண்டு, காலையில் அவருடைய ஆள் மஞ்சப்பையில் பணத்தோடு பேங்க் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவரிடம் 1,10,000 வாங்கி நான் சலான் எழுதிக் கட்டுவேன். பழைய கடன் முடிந்தது. மேனேஜர் புதுக் கடனுக்குக் கையெழுத்து வாங்குவார். அன்றைக்குச் சாயங்காலமோ மறுநாளோ புதுக் கடன் கணக்கில் ஏறும். அதை எடுத்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் கொடுப்பேன். கூலி ஆயிரத்துக்குப் பத்து, 1,100 ரூபாய்.

ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், வருசத்துக்குப் பெருக்கினால் 365 சதவீதம் என்று படித்த பிள்ளைகள் சொல்வார்கள். நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. 1,100 கொடுத்தால் 3,300 மிச்சமாகிறது. இந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. பேங்கில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் டீ வரும்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ராத்திரி முறைக் கரண்டுக்கு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது போனில் எதையாவது படிக்கிற பழக்கம் உண்டு, இங்கிலீஷில் இருப்பதையும் இப்போது போனே தமிழில் மாற்றிக் காட்டுகிறது. அப்படிப் படித்துத்தான் தெரிந்தது, எங்கள் வித்தைக்கு இருநூற்றைம்பது வருசத்துக்கு மேல் வயசு.

ஓவர்டிராஃப்டின் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ என்கிறார்கள். 1727-இல் அங்கே ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தொடங்கியது. அடுத்த வருசம், 1728-இல், வில்லியம் ஹாக் என்ற வியாபாரி தன் கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள அந்த பேங்க் சம்மதித்தது. (பவுண்டு என்றால் அவர்கள் காசு. நம் வீட்டுப் பெண்கள் சொல்கிற எட்டு கிராம் 'பவுன்' இருக்கிறதே, அதுவும் இங்கிலாந்துக்காரன் அடித்த தங்கக் காசிலிருந்து வந்த கணக்குதான்.) சரக்கு வாங்கினவர்கள் பணம் கொடுப்பது ஒரு நாள், சரக்கு கொடுத்தவனுக்குப் பணம் கட்ட வேண்டியது இன்னொரு நாள். நடுவில் இருக்கிற பள்ளத்தை அடைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஜாமீனுக்கு ரெண்டு பேர் கையெழுத்து. கையில் காசு வரும்போது இருபது, முப்பது பவுண்டாகக் கட்டலாம், கட்டின அளவுக்கு வட்டி குறையும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் கேஷ் கிரெடிட். எங்கள் பேங்க் பாஸ்புத்தகத்தில் 'சி.சி.' என்று போட்டிருப்பதும் அதே இரண்டு வார்த்தைதான். கே.சி.சி.யின் பூர்வீகம் அது.

நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் நல்ல ஏற்பாடுதான், உள்ளே காசு வந்துகொண்டிருக்கிற வரைக்கும். வராதபோது என்ன செய்தார்கள் என்பதைப் பொருளாதாரம் எழுதின ஆடம் ஸ்மித் 1776-இல் வந்த தன் பெரிய புத்தகத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மஞ்சப்பை ஆளே அதில் எழுந்து வந்ததுபோல இருந்தது.

எடின்பரோவில் ஒருத்தன், லண்டனில் ஒருத்தன். எடின்பரோக்காரன், ரெண்டு மாசத்தில் தரவேண்டிய தொகை என்று லண்டன்காரன் பேரில் ஒரு உண்டியல் எழுதுகிறான். லண்டன்காரன் இவனுக்கு ஒரு காசும் பாக்கி இல்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறான். அந்தச் சீட்டை எடின்பரோ பேங்கில் கொடுத்து, கழிவு போகப் பணம் வாங்கியாச்சு. கெடு வருவதற்குள் லண்டன்காரன் இவன் பேரில் ஒரு உண்டியல் எழுதுவான், அசல், வட்டி, கமிஷன் எல்லாம் சேர்த்து. அதை மாற்றிப் பழையதை அடைப்பான். அடுத்த கெடுவுக்கு இவன் மறுபடி. இப்படி மாசக்கணக்கில், சில சமயம் வருசக்கணக்கில். பழைய சீட்டு ஒவ்வொன்றும் நாள் தவறாமல் கட்டப்பட்டதாகவே பேங்க் புத்தகத்தில் இருக்கும்.

ஸ்மித் கூலிக் கணக்கும் போட்டிருக்கிறார். அப்போது அங்கே வட்டி ஐந்து சதவீதம். ஒவ்வொரு உண்டியலுக்கும் கமிஷன் குறைந்தது அரை சதவீதம். வருசத்தில் ஆறு தடவைக்கு மேல் சுற்றும். ஆக, அந்தப் பணத்துக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் விலை ஆகிறது. ஐந்து சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். என் கணக்கில் நாலும் ஒன்றும் ஐந்து. அண்ணன் மகன் கணக்கில் அந்த மூணரைச் சொச்சம் வட்டிக்கு மேல் தனி.

இதில் ஒரு பேங்கே மாட்டிக்கொண்டது. 1769-இல் ஏர் என்ற ஊரில் நிலச்சுவான்தார்கள் சேர்ந்து டக்ளஸ், ஹெரன் கம்பெனி என்று ஒரு பேங்க் தொடங்கினார்கள், ஏர் பேங்க் என்று சொல்வது வழக்கம். விவசாயத்துக்கும் நிலச் சீர்திருத்தத்துக்கும் தாராளமாகக் கடன் கொடுக்கணும் என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். மற்ற பேங்குகள் கொடுக்கத் தயங்கினவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். தங்கள் நோட்டுக்குக் காசு கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றபோது, பேங்கே லண்டன் மேல் உண்டியல் எழுதிப் பணம் திரட்டியது. அது கெடுவுக்கு வந்தபோது இன்னொரு உண்டியல். கடன் கொடுத்தவனும் அதே வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தான்.

1772 ஜூனில் லண்டனில் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ் என்ற பேங்க் பங்குதாரர் பங்குச் சூதாட்டத்தில் தோற்று, நாட்டைவிட்டே ஓடிப்போனார். அவ்வளவுதான். யாரும் யார் சீட்டையும் வாங்க மாட்டேன் என்றார்கள். அந்த மாசம் முடிவதற்குள் ஏர் பேங்க் பணம் கொடுப்பதை நிறுத்தியது. பங்குதாரர்களின் பொறுப்புக்கு எல்லை கிடையாது என்பதால் கடன்காரர்களுக்குக் கடைசிக் காசு வரை கொடுத்தாகணும். பரம்பரை நிலங்கள் விலைக்குப் போயின. அந்தப் பங்குதாரர்களில் ஒருவரான பக்ளூ பிரபுவுக்கு ஸ்மித்தே இளவயதில் வாத்தியாராக இருந்தவர். அதனால் இந்த விசயத்தை அவர் ஏட்டில் மட்டும் பார்த்து எழுதியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓவர்டிராஃப்ட் பிறந்த நாட்டில் இப்போது எப்படி என்றும் பார்த்தேன். பிரிட்டனில் 2020 ஏப்ரலில், ஓவர்டிராஃப்டுக்கு விதவிதமான தண்டக் கட்டணம் போடக்கூடாது, ஒரே வட்டியாகத்தான் சொல்லணும் என்று விதி கொண்டுவந்தார்கள். நல்லதுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெரிய பேங்குகள் பலவும் சொல்லிவைத்தாற்போல 40 சதவீதத்தை ஒட்டி நின்றன. கிரெடிட் கார்டு வட்டியைவிட அது அதிகம். அங்கே 'மனி டிரான்ஸ்ஃபர்' வசதி என்றே சில கார்டுகளில் உண்டு. கார்டிலிருந்து நேராக பேங்க் கணக்குக்குப் பணம் மாற்றி ஓவர்டிராஃப்டை அடைக்கலாம். ஒரு தடவை ஃபீஸ், அதன்பிறகு சில மாசத்துக்கு வட்டி இல்லை. அந்த மாசங்களுக்குள் முழுதாகக் கட்டினவனுக்கு அது நிஜமாகவே லாபம். கட்டாதவனுக்கு அப்புறம் கார்டு வட்டி. அண்ணன் மகன் செய்ததன் ஒரிஜினல் இதுதான்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இங்கே பேங்க் வருவதற்கு முன்னாலேயே கட்டி எடுக்கிறது இருந்தது. அதன் பெயர் நோட்டு மாற்றி எழுதுவது.

1859-இல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு காலவரையறைச் சட்டம் போட்டது. சாதாரணக் கடன் பத்திரத்தின் பேரில் மூணு வருசத்துக்குள் வழக்குப் போடணும், தாண்டினால் பத்திரம் செல்லாது. கடன்காரனைக் காலமெல்லாம் துரத்தக்கூடாது என்ற எண்ணம். நடந்தது வேறு. மூணு வருசம் முடியப்போகிறது என்றால் சாவுக்காரர் குடியானவனைக் கூப்பிட்டு, அசலோடு வட்டியைச் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வார். மாட்டேன் என்றால் கோர்ட்டு. 100 ரூபாய் வாங்கினவன் நாலு பத்திரம் மாற்றின பிறகு எவ்வளவுக்கு அசல்காரன் என்பது அவனுக்கே தெரியாது. பூனா, அகமதுநகர் ஜில்லாக்களில் 1875-இல் குடியானவர்கள் எழுந்தார்கள். மே 12-ஆம் தேதி சூபா என்ற ஊரில் தொடங்கியது. அவர்கள் முக்கியமாகத் தேடிப் பிடுங்கிக் கொளுத்தியது பத்திரங்களைத்தான். அதன் பிறகு 1879-இல் வந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதற்குப் பின்னால் போய் முதலில் கைமாறின தொகை எவ்வளவு என்று பார்க்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்தது.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அப்பா இறந்த பிறகு கிரயப் பத்திரம் தேடித் திறந்தபோது அதில் ரெண்டு புரோநோட்டு கிடைத்தது. ராஜா தலை போட்ட ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் மேல் தாத்தா கையெழுத்து, கோணல்மாணலாக. ஒன்று 1933, இன்னொன்று 1936. ரெண்டாவதில், முன் நோட்டு வகையில் அசலும் வட்டியும் சேர்த்து என்று எழுதியிருக்கிறது. தாத்தா புதுசாக ஒரு சல்லிக்காசும் வாங்கவில்லை. மூணு வருசம் முடிந்தது, கூப்பிட்டார்கள், கையெழுத்துப் போட்டார், கடன் பெரிதானது.

1930-களின் தொடக்கத்தில் நெல் விலை விழுந்த காலம் அது. உலகம் முழுக்க மந்தம், இங்கே நெல்லு பாதி விலைக்குப் போயிற்று. கடன் மட்டும் பழைய விலையில் நின்றது. எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் நிறைய நிலம் அப்போதுதான் கைமாறியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தாத்தாவுக்கு நிலம் மிஞ்சியதற்குக் காரணம் 1938-ஆம் வருசத்து நாலாவது சட்டம், சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். ராஜாஜி பிரதமராக இருந்தபோது வந்தது, அப்போது மாகாணத்துக்கும் பிரதமர் என்றுதான் பெயர். 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முந்தின கடன் என்றால் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி அத்தனையும் ரத்து. இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதன் எட்டாவது பிரிவில் இருக்கிற விளக்கம். அதே ஆளுக்குக் கடனைப் புது நோட்டாக மாற்றி எழுதியிருந்தால் புது நோட்டின் தொகையை அசலாக எடுக்கக்கூடாது, முதல்முதலில் கைக்கு வந்த அசலையும் பிறகு நிஜமாகக் கொடுத்த தொகையையும் மட்டும்தான் எடுக்கணும். சட்டம் எழுதினவர்களுக்குத் தகரப்பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தின் கதையும் இதோடு ஒட்டினதுதான். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த பிரெடரிக் நிக்கல்சன், விவசாயிகளுக்கு எப்படிப்பட்ட பேங்க் வேணும் என்று ஐரோப்பாவைப் பார்த்து ஆராய்ந்து 1895-இல் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் ஏற்படுத்தின மாதிரி, ஒருத்தரை ஒருத்தர் அறிந்த கிராமத்து ஆட்களே சேர்ந்து நடத்துகிற சங்கம்தான் சரி என்பது அவர் முடிவு. 1904-இல் சட்டம் வந்தது. அதே வருசம் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் சங்கம் தொடங்கினார்கள். ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 1954-இல், கோர்வாலா குழு நாடு முழுக்கக் கணக்கெடுத்துச் சொன்னது: கிராமத்துக் கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் மூணு சதவீதம், வட்டிக்குக் கொடுக்கிறவர்களின் பங்கு ஏறக்குறைய எழுபது.

நான் பார்த்த சொசைட்டியில் கட்டி எடுப்பதற்கு மஞ்சப்பைகூட வேண்டியதில்லை. செயலாளர் பேரேட்டில் ஒரு பக்கம் வரவு எழுதுவார், மறுபக்கம் பற்று எழுதுவார். புத்தகச் சரிக்கட்டு. நாங்கள் வட்டியை மட்டும் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவோம். வசூல் நூற்றுக்கு நூறு. நேர்மையாகப் பார்த்தால் அது பொய்க் கணக்கு. ஆனால் எங்களுக்கு அதில் ஒருநாள் கூலி மிச்சம்.

கே.சி.சி. வந்தது 1998-இல். அந்த வருச பட்ஜெட்டில் யஷ்வந்த் சின்கா அறிவித்தார், நபார்டு மாதிரித் திட்டம் போட்டது. பயிருக்குப் பயிர் மனுப்போட்டு அலைய வேண்டாம், ஒரு லிமிட் போட்டுக் கொடுத்துவிட்டால் விவசாயி வேண்டியபோது எடுத்து, காசு வந்தபோது கட்டிக்கொள்வான் என்பது எண்ணம். வில்லியம் ஹாக்குக்குக் கொடுத்தது இருநூற்று எழுபது வருசம் கழித்து எங்கள் கைக்கு வந்தது. 2012-க்குப் பிறகு ஏ.டி.எம். கார்டாகவே கொடுக்கச் சொன்னார்கள். என்னுடையது பீரோவில் இருக்கிறது, மிஷினில் போட்டதே ரெண்டு தடவை. நடைமுறையில் எங்கள் கிளையில் அது வருசத்துக்கு ஒரு தடவை மொத்தமாக எடுத்து மொத்தமாகக் கட்டுகிற கடன்தான்.

2006-இல் ஏழு சதவீத வட்டி வந்தது. ஒழுங்காகக் கட்டினவனுக்குச் சலுகை 2009-இல் ஒரு சதவீதத்தில் தொடங்கி, இரண்டாகி, 2011-இல் மூணானது. மஞ்சப்பைத் தொழில் எங்கள் பக்கம் தழைத்தது அதன் பிறகுதான். சர்க்கார் கெடு தவறாமல் கட்டுகிறவனுக்கு என்று கொடுக்கிற பணத்தில் மூணில் ஒரு பங்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. மீதியை நான் வாங்கிக்கொள்கிறேன். அதனால் ரொம்பக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2008 கடன் தள்ளுபடியில் விதி என்ன தெரியுமா? 2007 மார்ச்சுக்குள் வாங்கின கடனாக இருக்கணும், 2007 டிசம்பர் 31-இல் கெடு தவறியிருக்கணும், 2008 பிப்ரவரி கடைசி வரை கட்டாமல் இருக்கணும். நான் 2007-இல் கைமாற்று வாங்கிக் கட்டி எடுத்துவிட்டேன். பக்கத்து வயல்காரர் கட்டவில்லை, அவருக்கு முழுதும் தள்ளுபடி. ரெண்டு பேரும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்ச்சுகிறோம். அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவரிடமும் காசு இல்லை, என்னிடமும் இல்லை. நான் இருப்பதுபோலக் காட்டினேன், அவர் காட்டவில்லை.

இனி 2019. கெடுவுக்கு நாலு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல ஆள் வந்தார், பணம் வாங்கிக் கட்டினேன். மத்தியானம் மேனேஜர் அறைக்குள் போனால் வேறு முகம். பழையவர் மாற்றலாகிப் போய் மூணு நாள் ஆகிறது. புதியவர் மரியாதையாகத்தான் பேசினார். "பழைய ஃபைலை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. இந்த வருசத்து அடங்கல், சிட்டா கொண்டாங்க. நான் ஒரு தடவை வயலைப் பார்க்கணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் பணம் உள்ளே போய்விட்டது, வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

வி.ஏ.ஓ.வுக்கு ரெண்டு ஊர் பொறுப்பு. அடங்கல் வாங்க மூணு நாள். மேனேஜர் வயல் பார்க்க வருகிறேன் என்ற நாளில் மீட்டிங். ஒருநாள்காரர் கணக்கில் ரெண்டு நாள் வரைக்கும்தான் ஆயிரத்துக்குப் பத்து. மூணாவது நாளிலிருந்து நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஐந்து, அதாவது 550 ரூபாய். அவர் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. தினமும் காலையில் போன் பண்ணி, "என்னண்ணே, இன்னிக்கு ஆகுமா?" என்று கேட்பார். அந்தக் குரலுக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாவது நாள் என் வீட்டுக்காரி பீரோவைத் திறந்து சங்கிலியையும் வளையலையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆறு பவுன். வட்டிக்கடையில் ஒரு லட்சம் கொடுத்தார்கள். ஒருநாள்காரருக்கு அசலோடு 1,14,950 கொடுக்கணும். பாக்கிக்கு மச்சானிடம் போனேன், வீட்டுக்காரியின் அண்ணன். அவர் மகள் கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. பந்தல்காரருக்கு வைத்திருந்ததிலிருந்து 15,000 எடுத்து ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். கையில் மிஞ்சியது ஐம்பது ரூபாய். பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் ரெண்டு டீயும் வடையும் சாப்பிட்டு வந்தோம்.

கடன் கணக்கில் ஏறியது இருபத்தாறாவது நாள். வட்டிக்கடையில் நூற்றுக்கு ஒன்றரை, ஒரு மாச வட்டி 1,500 கட்டி நகையை மீட்டேன். ஆனால் இருபத்தாறு என்றால் கல்யாணம் இருபத்தொன்பதுக்கு என்றுதானே கணக்கு வருகிறது, நகை கைக்கு வந்திருக்குமே என்று கேட்பீர்கள். நிச்சயதார்த்தமும் நலுங்கும் அதற்கு முன்னால். அத்தை முறைக்காரி அவள். முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு நின்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணி மட்டும் ஒரு தடவை கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாளாம். அதை என்னிடம் சொன்னது ரெண்டு வருசம் கழித்து.

மொத்தச் செலவு 6,450 ரூபாய். 3,300 மிச்சம் பிடிக்கப் போன காரியம். பேங்க் புத்தகத்தில் அந்த வருசமும் நான் கெடு தவறாமல் கட்டினவன்.

நகைக்கடனிலும் இதே தலைவலி வந்தது. முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டி அன்றைக்கே திருப்பி வைத்துவிடலாம். 2024 செப்டம்பரில் ரிசர்வ் பேங்க், நகைக்கடனை இப்படிப் புரட்டிக்கொண்டே போவது கூடாது என்று பேங்குகளைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட்டது. அதன் பிறகு எங்கள் கிளையில் அசல் முழுதும் கட்டி நகையை வெளியே எடுத்து, மறுநாள்தான் மறுபடி வைக்கணும் என்றார்கள். ரிசர்வ் பேங்க் சொல்வதில் நியாயம் இருக்கிறது, புரட்டிக் கட்டின கடன் அடைந்த கடன் இல்லை. ஆனால் அசல் இல்லாதவனுக்கு அந்த ஒரு ராத்திரியைத் தாண்ட யார் பணம் தருவார்கள்? பஸ் ஸ்டாண்டில் இப்போது மூணு ஃபைனான்ஸ்.

அண்ணன் மகனிடம் ஒன்று மட்டும் கேட்டேன், ஓ.டி. லிமிட்டை பேங்கில் சொல்லி மூடிவிட்டாயா என்று. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இருக்கட்டும் சித்தப்பா, அவசரத்துக்கு ஆகும்" என்றான். மூடச் சொல்லியிருக்கிறேன். மூடுவானா தெரியாது. நான் மட்டும் என்ன? போன வருசத்திலிருந்து அசலில் 20,000-ஐ நெல்லுக் காசிலேயே கட்டிவிட்டேன், பாக்கி 90,000-க்குத்தான் ஆள். இந்த வருசம் இன்னொரு 20,000 குறைக்கணும் என்று வீட்டுக்காரி கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். மழையில் அரை ஏக்கர் சாய்ந்துவிட்டது, பார்க்கணும்.

நேற்று ஒருநாள்காரரே போன் பண்ணினார். "எந்தத் தேதிண்ணே? எவ்வளவு எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டார். மூட்டை எடை போட்ட பிறகு சொல்கிறேன் என்றேன்.